எட்டாவது ஆள்

ரேஷன் கடை மெஷினில் ஷமீமா கட்டைவிரலை வைத்தால் மைமூன் பீவி என்று பெயர் வருகிறது. மைமூன் பீவி அவளுடைய மாமியார். மௌத்தாகி, அடக்கம் செய்து இரண்டு வருடம் ஆகிறது. கார்டிலும் பெயரை எடுத்தாகிவிட்டது.

"வெரலத் தொடச்சிட்டு வைங்கம்மா," என்பார் கடைக்காரர் திருப்பதி. துடைத்து வைத்தாலும் அதே பெயர்தான். இப்போதெல்லாம் அவர் எதுவும் கேட்காமல் அரிசியை நிறுத்துப் போட்டுவிடுகிறார்.

மாமியார் இறந்த அந்தச் சித்திரை மதியம் ஷமீமா சவுதியில் இருக்கும் கணவனோடு வீடியோ காலில் இருந்தாள். ரேஷன் கடைக்குக் கிளம்பியவர் வாசலில் நின்று இரண்டு தடவை கேட்டார்.

"கொடைய எங்க புள்ள வச்சே?"

"இந்தா இருக்குற கடைக்கு எதுக்கு மாமி கொட? வெரசா போயிட்டு வாங்க."

குடை அவள் உட்கார்ந்திருந்த கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தது. குனிந்தால் எடுத்திருக்கலாம். வரிசையில் எட்டாவது ஆளாக நின்ற மாமியார் வெயில் தாங்காமல் சுருண்டு விழுந்தார். பிறகு எழவில்லை. குடை கேட்டதை ஷமீமா கணவனிடம்கூடச் சொன்னதில்லை.

இப்போது மாதாமாதம் அவளே அந்தக் குடையோடு வந்து வரிசையில் நிற்கிறாள். இந்த மாதம் அவளுக்குப் பின்னால் நின்றவள் ஊருக்குப் புதிதாகக் குடிவந்த பெண்.

"அக்கா, கொடையக் கொஞ்சம் அங்கிட்டுச் சாய்ச்சுப் பிடிங்க. ஒங்க கூட வந்த பெரியம்மா வெயில்ல நிக்கிறாங்க."

ஷமீமா திரும்பிப் பார்க்கவில்லை. குடையை முழுவதுமாக இடப்பக்கம் சாய்த்தாள். வெயில் அவள் உச்சந்தலையில் இறங்கியது. முன்னால் இன்னும் ஏழு பேர் இருந்தார்கள்.