டி. செவ்வந்தி, எம். செவ்வந்தி

டி. செவ்வந்தி என்று போட்ட கார்டுகளை அவர் ஒரு பக்கமாக அடுக்கினார். எம். செவ்வந்தி என்று போட்டவற்றைத் தொடவில்லை.

கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் நௌஷாத் காத்திருந்தான். கிரிக்கெட் ஆடுகிறவர்களின் படம் போட்ட கார்டுகள் விற்கிற கடை. சாயங்காலக் கூட்டம் இன்னும் வரவில்லை.

“ரெண்டும் ஒரே ஆளுதான் சார். நடுவுல இனிஷியலை மாத்திக்கிட்டாங்க.”

“தெரியும்.”

டி போட்ட கார்டுகளில் அவள் சின்னப் பெண். பந்தை விடும்போது நாக்கு நுனி வெளியே எட்டிப் பார்க்கும். கடிபட்டுவிடும் என்று மொட்டை மாடியில் நின்று எத்தனை முறை கத்தியிருப்பார்.

பிறகு விவாகரத்து ஆனது. மனைவி மரகதம் மகளைக் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போய்விட்டாள்.

இந்திய அணிக்கு முதல் ஆட்டம் என்று செவ்வந்தி ஒருநாள் போன் செய்தாள்.

“வர்றியாப்பா? அம்மாவும் வருது.”

அவர் போகவில்லை.

அடுத்த சீசன் கார்டில் டி போய் அம்மாவின் எம் வந்திருந்தது.

அதிலிருந்து எம் போட்டதை அவர் வாங்குவதில்லை. இது யாரோ வேறு பெண். அப்படித்தான் வைத்துக்கொண்டார். நௌஷாத் எடுத்துக் காட்டுவான். இவர் வேண்டாம் என்பார். அவன் டிராயருக்குள் போட்டுவிடுவான்.

இன்று அவனே கூப்பிட்டு வரச் சொன்னான்.

“அவங்களுக்கு முட்டி போயிடுச்சாம் சார். விளையாட்டையே விட்டுட்டாங்க. இனிமே புது கார்டு வராது. வேற ஒருத்தர் இதைக் கேக்குறாரு. உங்களுக்கு வேணுமான்னு தெரிஞ்சா அவருகிட்ட சொல்லிடுவேன்.”



அவர் மேலே கிடந்த எம் கார்டை இழுத்தார்.

எல்லைக்கோட்டுக்கு வெளியே புல்லில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். குனிந்து முழங்காலில் பட்டைத் துணி சுற்றுகிறாள். கழுத்தெலும்பு தெரிகிறது.

முழங்கால் இருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்தார். எடுக்கவில்லை.

“இவ்வளவு இறுக்கிக் கட்டக் கூடாது.”

“என்ன சார்?”

“ஒண்ணுமில்ல. எல்லாத்தையும் ஒரே ஆல்பமாச் சேர்த்துடுப்பா.”

நௌஷாத் ஒவ்வொன்றாக உறைக்குள் நுழைத்தான். டி முடிந்தது. அடுத்த பக்கத்தில் எம் தொடங்கியது.

“ஆல்பம் மேல பேரு எழுதணும். டியா, எம்மா?”

தெருவில் ஒரு பஸ் நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போயிற்று.

“அவ எப்படி வெச்சிருக்காளோ அப்படி.”

நௌஷாத் நிமிர்ந்து பார்த்தான். பேனா மூடியைத் திறந்தான்.

எம். செவ்வந்தி.

“கீழ, சேகரிச்சவங்க பேரு போடுவோம். இத்தனை வருஷமா உங்க பேரையே கேட்டதில்ல பாருங்க. என் போன்ல செவ்வந்தி சார்னுதான் இருக்கு.”

அவர் சிரிக்கப் பார்த்தார்.

“தணிகாசலம்.”

நௌஷாத் ஒரு வரி இடம் விட்டு எழுதினான்.