டிரங்குப் பெட்டிக்கு வந்த விலை

“எடைக்குப் போடச் சொன்னவளே நீதான்!” “சொன்னேன், போட்டேனா? இத்தனை வருஷம் பரண்ல காப்பாத்துனது யாருங்க?” கும்பகோணத்து வீட்டில் ஆன்டோவும் அவன் மனைவி ஜாய்ஸும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். கோபமில்லை, தலைகால் புரியாத சந்தோஷம். நடுவில் திறந்து கிடக்கிற டிரங்குப் பெட்டியில், அவன் பள்ளி நாளில் வாங்கிய காமிக்ஸ் புத்தகங்கள் காக்கித் தாள் உறைகளோடு அந்துருண்டை மணக்கின்றன. பெட்டியோடு பரணிலிருந்து இறங்கிய கிறிஸ்துமஸ் நட்சத்திரம் ஜன்னலோரம் சாய்ந்திருக்கிறது. அதனூடே வரும் வெயில் தரையில் சிவப்பும் நீலமுமாய் அசைகிறது. பழைய காமிக்ஸ் சேர்க்கும் சென்னைக்காரர் ஒருவர், ஒரு புத்தகத்துக்கே நாலாயிரம் தருவதாகச் செல்போன் ஸ்பீக்கரில் இப்போதுதான் சொன்னார். “அப்ப குவைத்துக்குத் திரும்பிப் போக வேணாம்ல?” “எதுக்குடி போறேன்? இங்கயே கடை போடுறோம்!” அவள் சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். “சார், உறையப் பிரிச்சு முன்னட்டையப் பாருங்க,” என்கிறது போன். “அந்தக் கலர் அட்டைக்குத்தான் விலையே. அது இல்லன்னா வெறும் பழைய பேப்பர்தான்.” உறையைப் பிரிக்கப்போன ஆன்டோவின் விரல் அப்படியே நிற்கிறது. ஜாய்ஸ் மெல்லத் திரும்பி நட்சத்திரத்தைப் பார்க்கிறாள். மூங்கில் சிம்பில் குதிரைகள், துப்பாக்கிகள், முகமூடிக்காரர்கள். எல்லாம் பன்னிரண்டு வயது ஆன்டோ கிறிஸ்துமஸ் குடிலுக்காகக் கத்தரித்து, வெளிச்சம் ஊடுருவ எண்ணெய் தடவி ஒட்டியவை. வெயில் ஒரு முகமூடியின் கண் வழியாக அவன் கையில் விழுகிறது. “ஹலோ... அட்டையெல்லாம் இருக்குல்ல சார்?”