தட்டோடு ஒரு பேச்சு

“கண்ணு, வேளாவேளைக்குச் சாப்பிடறியா? போன மாசத்துக்கு இப்ப இளைச்ச மாதிரி தெரியுதே.”

மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணை வைத்து, அடியிலிருந்த சின்னத் தட்டோடு பேசிக்கொண்டிருந்தாள் அந்தத் தாய். பக்கத்தில் நின்ற விஞ்ஞானிக்குச் சிரிப்பு வந்தது.

“ஒருநாள் விட்டு ஒருநாள் நான்தான் ஊட்டறேன்மா. ஞாயித்துக்கிழமைகூட லீவு கிடையாது.”

“வீட்ல திட்டமாட்டாங்களா சார்?”

“திட்ட ஆளிருந்தாத்தானே!”

மூளை சரியாக வளராமல் ஒன்பது வயதில் இறந்துபோனான் அவளுடைய மகன். அவனுடைய தோலிலிருந்து மூளை ஸ்டெம் செல்களை வளர்த்துத்தான் ஆராய்ச்சியைத் தொடங்கியிருந்தார் அவர். அவை வளரும் இந்தத் தட்டைப் பார்க்க மாதாமாதம் இரண்டு பஸ் மாறி வந்துவிடுவாள். வந்தால் பத்து நிமிடம். அவரைத் தேடி அந்தக் கட்டடத்துக்கு வேறு யாரும் வந்ததில்லை. காலண்டரில் அந்தத் தேதியை வட்டம் போட்டு வைத்துக் காத்திருப்பார், வெட்கங்கெட்ட மனுஷன்.

“இதுங்க ஏன் சார் கும்பல் கும்பலா ஒட்டிக்கிட்டு இருக்கு?”

“தனியா விட்டா செத்துடும்மா. பக்கத்துல நாலு இருந்தாத்தான் பிழைக்கும்.”

“கேட்டுக்கிட்டியா கண்ணு? தனியா ஒதுங்கி உக்காராதே.” தட்டுக்கு உபதேசம் தொடர்ந்தது.

அவர் காலையிலிருந்து மென்று விழுங்கிக்கொண்டிருந்ததைச் சொல்லிவிட்டார்.

“அம்மா, ஆராய்ச்சி இன்னையோட முடியுது. தட்டையெல்லாம் எடுத்துடுவாங்க. இனிமே நீங்க... அலைய வேண்டாம்.”

இனி அவருக்கு அந்தப் பத்து நிமிடமும் கிடையாது. அவள் அழுவாளோ என்று வேறு பயம். அவளோ கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“அப்ப அடுத்த மாசம் உங்க வீட்டுக்கு வரேன். விலாசம் சொல்லுங்க.”

“என் வீட்ல பார்க்க என்னம்மா இருக்கு?”

“என் பையனோட செல்லெல்லாம் பூஞ்சை பிடிச்சுப் போயிடுச்சுன்னு போன வருஷமே ஆபீஸ் அம்மா சொல்லிட்டாங்க. நீங்க மனசு கேக்காம எனக்குக் காட்டறது, உங்க தோல்லேருந்து வளர்த்ததுன்னும் சொன்னாங்க” என்றவள், அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். “இத்தனை மாசமா நான் யாரைச் சாப்பிடச் சொன்னேன்னு நெனச்சே, கண்ணு?”