மூன்று முறை

குடிநீரில் கதிரியக்கம் இருக்கிறதா என்று சோதிக்க, மாதம் ஒருமுறை அந்தக் கடற்கரை ஊருக்கு வருவார் வேலப்பன். குழாய்த் தண்ணீரால் கேனை மூன்று முறை அலசிக் கொட்டிவிட்டுத்தான் நிரப்புவார். ஆய்வகத்தின் விதி அது. போன மாத முடிவை வெளியே சொல்லக் கூடாதென்பது மேலிடத்து உத்தரவு.

இன்று தெருவெங்கும் குடங்களை அலசிக் கொட்டும் சத்தம். வாசலுக்கு வாசல், சரியாக மூன்று முறை.

குழாயடி வீட்டு ரெஜினாள், இடுப்பில் குழந்தையோடு வந்து சொம்பை நீட்டினாள்.

“பயப்படாமக் குடிங்க சார். நீங்க செய்யிற மாதிரியே மூணு தடவ அலசித்தான் புடிச்சேன். பிள்ளைக்கும் அப்படித்தான் குடுக்கேன். அதோட விஷம் போயிரும்லா?”

வேலப்பன் சொம்பை வாங்கினார். குழந்தை எட்டி அதன் விளிம்பைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தது. அவர் விடவில்லை.