புகைக்குழாய்

“ஏணியை நான் புடிச்சுக்கறேன். நீ பதட்டப்படாம ஏறு, தம்பி.”

மெக்கானிக்குக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த வீட்டில் அவனிடம் முகம் கொடுத்துப் பேசியது இந்த அம்மா ஒருத்திதான். மகளைப் பறிகொடுத்து இருபது நாள்கூட ஆகவில்லை.

“திருடன் கையிலயே சாவியைக் குடுக்கறீங்களே சார்!” அவள் கணவரான வீட்டுக்காரர் உள்ளேயிருந்து கத்தினார்.

“என் உடம்பை அந்த ஏணி தாங்காதுங்க. உள்ள ஹீட்டரை நான் பாக்கறேன். அவன் வெளிய குழாயைப் பாக்கட்டும்,” என்றார் எரிவாயு அலுவலக அதிகாரி. “தப்பு இவன் பேர்லன்னா லைசென்ஸ் போயிடும், ஜெயிலும் உண்டு. போதுமா?”

தப்பு தன் பேரில் இல்லை என்று அவனுக்குத் தெரியும். பதினெட்டு வருடத் தொழில். வெந்நீருக்கான கேஸ் ஹீட்டரைக் குளியலறையில் மாட்டச் சொன்னார்கள். முடியவே முடியாது என்று சண்டை போட்டு, துவைக்கும் அறையில் மாட்டினான். சுவரைத் துளைத்துப் புகைக்குழாயை வெளியே விட்டான். புகையை வெளியே இழுக்கிறதா என்று தீக்குச்சி கொளுத்திப் பிடித்து, சுடர் குழாய்ப் பக்கம் சாய்வதைப் பார்த்த பிறகுதான் கையெழுத்து வாங்கினான். “குழாய் வாயை மட்டும் எதுக்காகவும் அடைச்சுடாதீங்க சார். அடைச்சா விஷப்புகை உள்ளயே தங்கிடும், அதுக்கு வாசனைகூடக் கிடையாது” என்று வீட்டுக்காரரிடம் படித்துப் படித்துச் சொன்னான். அவரும் போனில் பேசிக்கொண்டே தலையாட்டினார்.

அந்த அறையில்தான், கதவைச் சாத்திக்கொண்டு தலை அலசப் போன பெண் திரும்பி வரவில்லை.

மேல்படியில் நின்று குழாய்க்குள் விரலை விட்டான். துணி. பந்தாகச் சுருட்டி, இறுக்கமாக அடைத்திருந்தது.

பிழைத்தேன்! மலையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. “சார்...” என்று வாயெடுத்தான்.

“உள்ள பழைய துண்டு இருக்கும் தம்பி, அதை எடுத்துடாதே,” கீழேயிருந்து அந்த அம்மா சொன்னாள். “நான்தான் வச்சேன். ஜன்னலைச் சாத்தினாக்கூட அது வழியா ஜில்லுன்னு காத்து வருது. ஈரத்தலையோட நின்னா எம் பொண்ணுக்குத் தும்மல் புடிச்சுக்கும். இனிமே யாருக்கு... இருந்தாலும், இருக்கட்டும்.”

குழாய் வாயை அடைக்கக் கூடாது என்று இவளிடம் யாருமே சொல்லவில்லை. அவனும்தான். கையெழுத்துப் போடுகிறவரிடம் சொன்னான்; தினமும் அந்த அறையில் புழங்குகிறவளிடம் சொல்லவில்லை.

“என்னப்பா, ஏதாவது இருக்கா?” அதிகாரி ஜன்னல் வழியே கேட்டார்.

உடம்பால் மறைத்துக்கொண்டு துண்டை உருவினான். சட்டைக்குள் செருகினான்.

“இங்க துணி எதுவும் இல்லம்மா. என்னிக்கோ காத்துல விழுந்திருக்கும்,” என்றான் மெதுவாக. பிறகு உள்ளே கேட்கும்படி குரலை உயர்த்தினான். “குழாய் திறந்துதான் இருக்கு சார். சரிவு பாக்காம மாட்டிட்டேன். புகை உள்ளயே திரும்பியிருக்கு. தப்பு என்னோடதுதான்.”

ஏணி ஆடியது. கீழே பிடித்திருந்த கைகள் விலகிவிட்டன.

“பாவி!” என்றாள் அந்த அம்மா. “உன்னைப் போய்த் தம்பின்னு கூப்பிட்டேனே!”