திறந்தது திறந்தாச்சு

ஒரு கம்ப்யூட்டர் திரையில், புரோகிராம் எழுத உதவும் பழைய எடிட்டர் ஒன்று பன்னிரண்டு வருஷமாகக் குடியிருந்தது. ஆபீஸ் இல்லாத ஞாயிறுகளில் செண்பகராமன் அதைத் திறந்து, மாடித் தோட்டத்துக் கத்தரிக்கும் வெண்டைக்கும் நேரம் பார்த்துத் தண்ணீர் விடும் குட்டி புரோகிராம் ஒன்றை ஆசை ஆசையாக எழுதுவார்.

ஒருநாள் பக்கத்தில் புது எடிட்டர் வந்து இறங்கியது. "தப்பு வந்தா சிவப்பில் காட்டுவேன். பாதி எழுதினா மீதியை நானே முடிப்பேன். நீங்க இடத்தைக் காலி பண்ணலாமே, அண்ணே?" என்றது.

பழசுக்கு எழுதவும் அழிக்கவும் மட்டும்தான் தெரியும்.

அந்த ஞாயிறு செண்பகராமன் புதுசைத் திறந்தார். அது எழுத்தின் அளவு கேட்டது, நிறம் கேட்டது, இன்னும் என்னென்னவோ கேட்டது; எல்லாவற்றையும் ஒரு செட்டிங்ஸ் ஃபைலில் எழுதச் சொன்னது. காபி ஆறிப்போனது. கடைசியில், "செட்டிங்ஸ் ஃபைலில் ஒரு கமாவை விட்டுட்டீங்க. அதைச் சரிபண்ணாம நான் மறுபடி திறக்கமாட்டேன்" என்று படுத்துவிட்டது.

வேறு வழியில்லாமல் அந்த ஃபைலைப் பழைய எடிட்டரில் திறந்து கமாவைப் போட்டார். "திறந்தது திறந்தாச்சு, ரெண்டு வரி எழுதிட்டுப் போவோம்" என்று முணுமுணுத்தபடி அதிலேயே தோட்டத்து புரோகிராமையும் திறந்தார்.

வெகுநேரம் கழித்துப் புதுசு கேட்டது: "அண்ணே, நான் வரட்டுமா?"

"கொஞ்சம் இரு தம்பி" என்றது பழசு. "கத்தரிக்குத் தண்ணி விட்டுக்கிட்டிருக்கார்."