மேசை மேல் காடு

"துரை விருந்துக்கு மேசையைச் சோடிக்கணும், அத்தாயி. காலணா செலவாகக் கூடாது. காட்டுல பூவுக்கும் தழைக்குமா பஞ்சம்?" என்றார் ஃபாரஸ்ட் கார்டு.

அத்தாயி காட்டுக்குப் போய்ப் பறித்து வந்தாள். மிளகுக்கொடியை வளையமாகப் பின்னினாள். மூங்கில் குழாய்களில் தழையும் பூவும் செருகி வைத்தாள்.

விருந்தாளிகள் சொக்கிப்போனார்கள்.

"எங்கே பறித்தாய்?" என்றார் துரை.

சொல்லாதே என்று கார்டு கண்ணைக் காட்டினார். அவள் சட்டை செய்யவில்லை.

"உங்க ரிசர்வ் காட்டுலதாங்க. கார்டு ஐயாதான் பறிக்கச் சொன்னாருங்க. முந்தாநாள் ஆட்டுக்கு இதே தழையை ஒடிச்சாருன்னு எம் புருசனைக் கயித்துல கட்டி இழுத்துட்டுப் போனதும் இவருதானுங்க."

துரை கார்டைப் பார்த்தார்.

"எம் புருசனை உட்டுடுங்க. இல்லீன்னா இன்னும் ரெண்டு கயிறு கொண்டாரச் சொல்லுங்க. எனக்கொண்ணு, கார்டு ஐயாவுக்கொண்ணு."